சிகரெட்டை விட்டால் உடம்பு போடுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிகரெட்டையோ பீடியையோ விட நினைக்கிறவர்கள் கொஞ்சம் தயங்கித் தயங்கிக் கேட்கிற கேள்வி இது. விட்டு ஒரு மாதம் ஆனவர்களோ பேன்ட் இறுக்குகிறதே என்று பதறிப்போய்க் கேட்கிறார்கள். அந்தப் பதற்றத்திலேயே மறுபடி பிடிக்கத் தொடங்கியவர்களை எனக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

விட்டால் கட்டாயம் எடை ஏறுமா?

பெரும்பாலானவர்களுக்கு ஏறும். ஏறாது என்று சொல்லி உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2012-ல் வந்த கட்டுரைப்படி, மருந்து எதுவும் எடுக்காமல் விட்டவர்களுக்கு முதல் மாதம் சராசரியாக ஒரு கிலோ, மூன்று மாதத்தில் மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு, ஒரு வருடத்தில் நாலரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல் ஏறியிருந்தது. அதாவது ஏறுவதில் பாதிக்கு மேல் முதல் மூன்று மாதத்திலேயே ஏறிவிடுகிறது, அப்புறம் வேகம் குறைந்துவிடுகிறது. இன்னொன்றும் அதில் இருக்கிறது. அவர்களில் நூற்றுக்குப் பதினாறு பேருக்கு ஒரு வருடத்தில் எடை குறைந்தே இருந்தது, பதின்மூன்று பேருக்குப் பத்து கிலோவுக்கு மேல் ஏறியிருந்தது. ஆளுக்கு ஆள் இவ்வளவு மாறுகிற விஷயம் இது, பக்கத்து வீட்டுக்காரருக்கு நடந்ததை வைத்து உங்களுக்கும் அப்படியே நடக்கும் என்று முடிவு கட்டாதீர்கள்.

சாப்பாடு அதே சாப்பாடுதான், பிறகு ஏன் ஏறுகிறது?

நிக்கோடின் இரண்டு வேலை செய்துகொண்டிருந்தது. உடம்பு சும்மா இருக்கும்போதே கொஞ்சம் கூடுதலாகக் கலோரியை எரிக்க வைத்தது, ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட்டுக்கு மேல் பிடிக்கிறவருக்கு இது சுமார் 200 கலோரி வரை போகும், ஏறக்குறைய மூன்று இட்லி. கூடவே மூளையில் பசியைக் கட்டுப்படுத்தும் பகுதியைத் தொட்டுப் பசியை மந்தமாக்கியது. நிறுத்தியதும் இரண்டும் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. எனவே நீங்கள் ஒரு கவளம்கூட அதிகமாகச் சாப்பிடாவிட்டாலும் கொஞ்சம் ஏற வாய்ப்பிருக்கிறது. இது உங்கள் மன உறுதி குறைந்துபோனதற்கு அடையாளம் இல்லை.

இதோடு நாக்கும் மூக்கும் சில நாளிலேயே விழித்துக்கொள்ளும். ரசம் தாளிக்கிற வாசனை வாசல் வரை வந்து கூப்பிடும், இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொள்ளத் தோன்றும். வருடக்கணக்கில் புகைத்தவர்களுக்கு இது உண்மையிலேயே சந்தோஷமான விஷயம், அனுபவியுங்கள். அளவில் மட்டும் ஒரு கண் இருக்கட்டும்.

அஞ்சு கிலோ ஏறினால், விட்ட பலனெல்லாம் போய்விடாதா?

போகாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் மக்களைப் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து கவனித்து வரும் இதய ஆய்வு ஒன்று இருக்கிறது. அதை வைத்து 2013-ல் வெளிவந்த முடிவு, சர்க்கரை நோய் இல்லாதவர்களில் புகையை விட்டவர்களுக்கு எடை ஏறியிருந்தாலும் மாரடைப்பு போன்ற இதய நோய் அபாயம் குறைந்தே இருந்தது என்பது. 2018-ல் இன்னும் பெரிய ஆய்வு ஒன்று நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. விட்டபின் எடை ஏறியவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சில வருடங்களுக்குக் கூடியிருந்தது, விட்ட ஐந்திலிருந்து ஏழு வருடத்துக்குள் உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கியது. ஆனால் அதே ஆட்களுக்கும் இதய நோயால் இறக்கும் அபாயம், தொடர்ந்து புகைத்தவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. எடை ஏறாமல் பார்த்துக்கொண்டவர்களுக்குச் சர்க்கரை அபாயமும் கூடவில்லை.

ஆக, எடையைக் கவனிக்க நல்ல காரணம் இருக்கிறது. எடைக்குப் பயந்து புகைத்துக்கொண்டே இருக்க ஒரு காரணமும் இல்லை.

அப்படியென்றால் விடும் அன்றைக்கே டயட்டும் தொடங்கிவிடலாமா?

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். நிறையப் பேர் சறுக்குகிற இடம் இதுதான். திங்கட்கிழமை சிகரெட்டும் இல்லை, சோறும் இல்லை, சக்கரையும் இல்லை, காலையில் ஐந்து மணிக்கு ஓட்டம் என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் தூக்கித் தலையில் வைத்துக்கொள்வார்கள். சிகரெட்டுக்காக ஏங்கும்போது வருகிற எரிச்சலும் வெறும் வயிற்றில் வருகிற எரிச்சலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். எது எது என்று உடம்புக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. வருடக்கணக்கில் பழகிய கை நேராகப் பெட்டிக்கடைப் பக்கம் போகும்.

முதல் மூன்று மாதத்துக்கு எடையைக் குறைப்பது உங்கள் வேலை இல்லை. ஓடிப்போகாமல் பிடித்து வைத்தால் போதும். மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள், முக்கியமாகக் காலைச் சாப்பாட்டை விடாதீர்கள். டீயும் சிகரெட்டுமாகவே காலையை ஓட்டிப் பழகியவர்களுக்குப் பதினொரு மணிக்கு வருகிற பசி புதிதாகத் தெரியும், முன்பு அதை நிக்கோடின் அமுக்கி வைத்திருந்தது. தட்டில் சோற்றைக் கொஞ்சம் குறைத்து, அந்த இடத்தில் கூட்டு, பொரியல், முட்டை, சுண்டல், மீன் என்று வயிற்றில் நின்று பேசுகிறவற்றைக் கூட்டுங்கள். இப்போதைக்கு அவ்வளவுதான்.

டீக்கடைக்குப் போகாமல் இருக்க முடியாது. என்ன செய்வது?

நம் ஊரில் எடை ஏறுகிற கதை பாதிக்கு மேல் இங்கேதான் நடக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

பதினொரு மணிக்கு ஆபீஸிலிருந்து நாலு பேர் இறங்குகிறார்கள். மூன்று பேர் டீ சொல்லிவிட்டுக் கயிற்றில் தொங்குகிற லைட்டரைப் பிடித்துப் பற்ற வைக்கிறார்கள். நாலாவது ஆள் விட்டு இரண்டு வாரம் ஆனவர். அவருக்கு ஒரு கையில் டீ கிளாஸ் இருக்கிறது, இன்னொரு கைக்கு வேலை இல்லை. மற்றவர்கள் பிடித்து முடிக்க ஐந்து நிமிடமாவது ஆகும். அந்த ஐந்து நிமிடத்தில் அந்தக் கை என்ன செய்யும்? முன்னால் இருக்கிற பாட்டிலைத் திறந்து பட்டர் பிஸ்கட்டை எடுக்கும். இல்லையென்றால் அப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்த மசால் வடையை ஒரு துண்டு பேப்பரில் வைத்து வாங்கும். சாயங்காலம் நாலு மணிக்கு இதே காட்சி, இந்த முறை பஜ்ஜி.

கணக்குப் பாருங்கள். ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சக்கரை என்றால் நாற்பது கலோரி, நாலு டீக்கு 160. எண்ணெயில் பொரித்த வடை ஒன்று சுலபமாக நூறைத் தாண்டும். ஒரு நாளைக்கு வெறும் 200 கலோரி கூடுதலாகப் போனாலே மாதத்துக்கு 6,000 ஆகிறது. ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. பெரிய விருந்து எதுவும் சாப்பிடாமலேயே மாதம் முக்கால் கிலோ ஏறுவது இப்படித்தான்.

டீயை விட வேண்டாம், சிகரெட்டை விட்டவரிடம் டீயையும் விடு என்று சொல்வது கொடுமை. சக்கரையைக் குறையுங்கள். ஒரே நாளில் ‘வித்தவுட்’ கேட்டால் வாயில் வைக்க முடியாது, இரண்டு வாரம் ‘அண்ணே, அரைச் சக்கரை’ என்று சொல்லிக் குடித்துவிட்டு அப்புறம் இன்னும் குறைக்கலாம். முடிந்தால் முதல் ஒரு மாதம் கடையை மாற்றுங்கள். பெட்டிக்கடை ஒட்டாத டீக்கடை, அல்லது புகைக்காத ஆளோடு போவது, அல்லது டீயை வாங்கிக்கொண்டு நடந்துகொண்டே குடிப்பது. அந்த இன்னொரு கைக்கு முன்கூட்டியே ஒரு வேலை கொடுத்து வையுங்கள், பாக்கெட்டில் கொஞ்சம் வறுத்த கொண்டைக்கடலை இருந்தால்கூடப் போதும். கூட வருகிறவர்களிடம் விட்டுவிட்டேன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், நல்ல நண்பர்கள் தள்ளி நின்று பிடிப்பார்கள்.

வாயில் எதையாவது போட்டு மென்றுகொண்டே இருக்கத் தோன்றுகிறதே?

தோன்றும். ஒரு சிகரெட்டைப் பத்துப் பன்னிரண்டு தடவை வாய்க்குக் கொண்டுபோகிறோம், நாளைக்குப் பத்து சிகரெட் என்றால் நூறு தடவைக்கு மேல். அந்தப் பழக்கம் ஒரு வாரத்தில் போகாது. சோம்பு, ஏலக்காய், ஒரு கிராம்பு, நெல்லிக்காய்த் துண்டு, வெள்ளரி, கேரட், அரிந்த கொய்யா, இவையெல்லாம் எடையைத் தொடாமல் வாயை ஓட்டும். மோர் நல்லது. வேர்க்கடலை நல்லதுதான், ஆனால் கையளவோடு நிறுத்த வேண்டும், பொட்டலத்தோடு உட்கார்ந்தால் முடிந்தது. புதினா மிட்டாய் ஒன்றிரண்டு பரவாயில்லை, நாள் முழுக்க என்றால் அது சக்கரையே.

பாக்கு மட்டும் வேண்டாம். சிகரெட்டுக்குப் பதில் பாக்கு, ஹான்ஸ் என்று மாறியவர்கள் இருக்கிறார்கள். புகையிலை சேராத வெறும் பாக்கே வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும்.

எனக்கு மோசமான நேரம் சாப்பாட்டுக்குப் பிறகுதான்.

இது பலருக்கும் உண்டு. புகைக்கிறவருக்குச் சாப்பாடு முடிந்தது என்பதற்கு அடையாளமே அந்த ஒரு தம்தான். அது இல்லாதபோது சாப்பாட்டுக்கு முடிவே தெரிவதில்லை, இன்னும் கொஞ்சம் தயிர், ஒரு வாழைப்பழம், ஒரு ஸ்வீட் என்று நீண்டுகொண்டே போகும். அதனால் வேறு ஒரு முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கையைக் கழுவியதும் பல் தேய்த்துவிடுவது பலருக்கு உதவுகிறது, பேஸ்ட் வாசனை வந்தபிறகு சாப்பிடவும் தோன்றாது, புகைக்கவும் தோன்றாது. அல்லது நேராகச் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டு வாருங்கள். ஏக்கம் எழுந்து அடங்க மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் ஆகும், தெருமுனைக்குப் போய் வருவதற்குள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஜிம்முக்குப் போக வேண்டுமா?

பிடித்தால் போங்கள். நடந்தாலே போதும். உடற்பயிற்சியின் பலன் முதல் சில வாரத்தில் எடை மெஷினில் தெரியாது, அதைப் பார்த்துச் சலித்துவிடாதீர்கள், ஒரு வருடம் கழித்துப் பார்க்கும்போதுதான் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. உடனே தெரிகிற பலன் ஒன்று உண்டு. பத்து நிமிட வேக நடை சிகரெட் ஏக்கத்தை அப்போதைக்குக் குறைக்கும். எனவே ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் நடப்பதைவிட, ஏக்கம் வரும் நேரங்களாகப் பார்த்துப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து நடப்பது ஆரம்பத்தில் உங்களுக்குக் கூடுதலாக உதவும். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

நிக்கோடின் சூயிங்கம் போட்டால் எடை ஏறாதா?

கம் போடும் காலத்தில் எடை ஏறுவது தள்ளிப்போகும், குறிப்பாக 4 மி.கி. கம்மில் இது தெரிகிறது. நிறுத்தியபிறகு கொஞ்சம் ஏறலாம். இருந்தாலும் அது நல்ல ஏற்பாடு, ஏனென்றால் புகையை விடுகிற சண்டையையும் எடைச் சண்டையையும் ஒரே மாதத்தில் போடாமல் பிரித்துத் தருகிறது.

பலர் கம்மைத் தப்பாகப் போட்டுவிட்டு நெஞ்செரிகிறது, விக்கல் வருகிறது என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். இதைச் சாதாரண பபுள்கம் மாதிரி மெல்லக் கூடாது. மெதுவாக மெல்லுங்கள், காரமாக, சுறுசுறுவென்று ஒரு ருசி வரும். வந்ததும் மெல்வதை நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். ருசி அடங்கியதும் மறுபடி கொஞ்சம் மென்று, இடம் மாற்றி ஒதுக்குங்கள். இப்படி அரை மணி நேரம். கம் போடுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே காபி, ஜூஸ், சோடா வேண்டாம், வாயில் நிக்கோடின் இறங்காது.

எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் பிடிக்கிறவருக்கு 4 மி.கி., மற்றவர்களுக்கு 2 மி.கி. என்பது பொதுவான கணக்கு. புப்ரோப்பியான் என்ற மாத்திரையும் எடுக்கும் காலத்தில் எடை ஏறுவதைக் குறைக்கிறது. ஆனால் வலிப்பு வந்தவர்களுக்கு அது ஆகாது, மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே.

விட்டதிலிருந்து வயிறு உப்பி, மலச்சிக்கலாக இருக்கிறது.

நிக்கோடின் குடலையும் முடுக்கிவிட்டுக்கொண்டிருந்தது. சில வாரத்தில் சரியாகும். தண்ணீர், கீரை, வாழைத்தண்டு, கொய்யா, நடை. பேன்ட் இறுக்குவதில் ஒரு பங்கு இந்த உப்பலாகவும் இருக்கலாம்.

தூக்கமே வரவில்லை, படபடப்பாக இருக்கிறது. இதற்கும் எடைக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, தூக்கம் கெட்டால் மறுநாள் பசி கூடும். ஆனால் முதலில் உங்கள் காபிக் கணக்கைப் பாருங்கள். சிகரெட் புகையில் இருக்கிற சில பொருட்கள் கல்லீரலைத் தூண்டிக் காஃபீனை வேகமாக வெளியேற்ற வைக்கின்றன. விட்டபிறகு அதே காபி ரத்தத்தில் நெடுநேரம் தங்கும். முன்பு ஐந்து காபி குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியவருக்கு இப்போது அதே ஐந்து படபடப்பைக் கொடுக்கும், அவரோ சிகரெட் இல்லாததால் வந்தது என்று நினைத்துக்கொள்வார். காபியைப் பாதியாகக் குறையுங்கள், மதியத்துக்கு மேல் வேண்டாம். கூடவே சக்கரையும் பாதியாகும்.

சுகர் மாத்திரை சாப்பிடுகிறேன். ஏதாவது மாற்ற வேண்டுமா?

நீங்களாக எதையும் மாற்றாதீர்கள். புகையை விடப்போகிறேன் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, முதல் சில மாதம் சர்க்கரையை வழக்கத்தைவிட அடிக்கடி பாருங்கள், மேலேயும் போகலாம் கீழேயும் போகலாம். ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின், மனநலத்துக்கான ஓலன்சபின், க்ளோசபின் எடுக்கிறவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். காஃபீனுக்கு நடப்பதுதான் இந்த மருந்துகளுக்கும் நடக்கிறது, விட்டபின் ரத்தத்தில் அளவு கூடும், டோஸைக் குறைக்க வேண்டியிருக்கலாம். நிக்கோடின் கம் போட்டாலும் இது பொருந்தும், காரணம் நிக்கோடின் இல்லை, புகைதான்.

சிகரெட் பிடித்தால் ஒல்லியாக இருக்கலாம் என்கிறார்களே?

மொத்த எடை கொஞ்சம் குறைவாக இருக்கலாம். ஆனால் புகைப்பவர்களுக்குக் கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேர்கிற போக்கு உண்டு, அதுதான் ஆபத்தான கொழுப்பு. கையும் காலும் குச்சியாக, வயிறு மட்டும் தள்ளிக்கொண்டு இருக்கிற எத்தனை பேரைப் பார்க்கிறோம்! எடை மெஷினோடு ஒரு இஞ்ச் டேப்பும் வைத்துக்கொள்ளுங்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது என்பது நம் மக்களுக்கான அளவு.

நண்பர்களோடு வாரம் ஒருநாள் குடிப்பது உண்டு.

முதல் சில மாதம் தவிருங்கள். விட்டவர்கள் திரும்பப் பிடிப்பது அந்த மேஜையில்தான் அதிகம். எடை என்று பார்த்தாலும் மதுவின் கலோரி, அதற்குத் தொட்டுக்கொள்ள வருகிற சில்லி சிக்கன், ராத்திரி பதினொரு மணிப் பரோட்டா, எல்லாம் சேர்ந்து ஒரு வாரக் கட்டுப்பாட்டை ஒரே இரவில் தின்றுவிடும்.

என் வீட்டுக்காரர் விட்டு ஒரு மாதம் ஆகிறது. நான் என்ன செய்யலாம்?

முதலில், ‘என்னங்க, தொப்பை வச்சுக்கிட்டே போகுது’ என்று சொல்லாதீர்கள். நீங்கள் விளையாட்டாகச் சொன்னாலும் அவர் மனதில் அது வேறு மாதிரி விழும். சொந்தக்காரர்கள் விசேஷ வீட்டில் சொல்லும்போது நீங்கள் முந்திக்கொண்டு, ‘சிகரெட்டை விட்டுட்டாரு அத்தை, அதான்’ என்று பெருமையாகச் சொல்லுங்கள். விட்டுவிட்டாரே என்ற சந்தோஷத்தில் தினமும் வடை பாயசம் செய்து போடுவதும் வேண்டாம். மிக்சர், முறுக்கு டப்பாவைக் கண்ணில் படாத இடத்துக்கு மாற்றிவிட்டு, அரிந்த பழத்தை முன்னால் வையுங்கள். ராத்திரி சாப்பிட்டதும் அவரோடு கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வாருங்கள். எரிந்து விழுந்தால் முதல் மூன்று நாலு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள், அது பெரும்பாலும் அடங்கிவிடும். பசி மட்டும் அதற்கு மேலும் சில வாரம் நீடிக்கும்.

நாலு கிலோ ஏறிவிட்டது. ஒன்றிரண்டு பிடித்தால் குறையுமா?

அந்த ஒன்றிரண்டால் எடை குறையாது. ஆனால் பழைய கணக்குக்குத் திரும்பிப் போக அந்த ஒன்றிரண்டு போதும். அப்படித் திரும்பியவர்களுக்குப் பெரும்பாலும் ஏறிய எடையும் மிஞ்சுகிறது, சிகரெட்டும் மிஞ்சுகிறது. பேன்ட்டை இரண்டு இஞ்ச் பெரிதாக வாங்கிக்கொள்ளுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை, சிகரெட்டுக்குப் போன காசு இப்போது கையில்தானே இருக்கிறது.

சரி, எப்போது குறைக்கத் தொடங்கலாம்?

சிகரெட் ஞாபகம் வராமலே ஒரு முழு நாள் போகத் தொடங்கியபிறகு. பலருக்கு இது மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். அப்போதும் மாதம் ஒரு கிலோ குறைந்தால் போதும் என்ற கணக்கில் போங்கள். இரவுச் சாப்பாட்டை முன்னதாக முடிப்பது, டீச் சக்கரையை முழுவதும் விடுவது, பொரித்ததை வாரத்துக்கு ஒருமுறை ஆக்குவது, நடையை நீட்டுவது. ஒரு நேரத்தில் ஒன்று. வாரத்துக்கு ஒரே ஒரு நாள், காலையில் ஒரே நேரத்தில் எடை பாருங்கள், தினமும் ஏறி நின்றால் உடம்பில் தண்ணீர் கூடிக் குறைவதற்கெல்லாம் மனம் உடையும். பட்டினி கிடந்து வேகமாகக் குறைக்கும்போது பழைய ஏக்கம் தலைதூக்கினால் உடனே வேகத்தைக் குறையுங்கள். எடை காத்திருக்கும்.

இதையெல்லாம் யாரிடமாவது பேச முடியுமா?

முடியும். சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிற 1800-11-2356 என்ற எண் மத்திய அரசின் தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண். 2016-லிருந்து இருக்கிறது, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். அழைக்கும்போது ஒரு நாளைக்கு எத்தனை பிடிக்கிறீர்கள், எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட், முன்பு விட முயன்றிருந்தால் எதனால் நின்றுபோனது என்பதைச் சொல்லத் தயாராக இருங்கள். எடை ஏறியதால்தான் போன தடவை திரும்பப் பிடித்தீர்கள் என்றால் அதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள், அவர்கள் போட்டுத் தருகிற திட்டத்தில் சாப்பாட்டையும் நடையையும் சேர்த்துக் கேளுங்கள்.